எங்கள் டிவிக்கு இரண்டு ரிமோட்

என் மனைவிக்குக் காது மந்தமாகத் தொடங்கிய காலத்தில், அவளுக்குக் காதே போய்விட்டது என்று அவளை நம்பவைத்தவன் நான். திட்டமிட்டுச் செய்யவில்லை என்று எழுதத்தான் கை போகிறது. முதல் நாள் வேண்டுமானால் திட்டம் இல்லாமல் இருந்திருக்கலாம். மறுநாளிலிருந்து எல்லாம் தெரிந்தேதான் நடந்தது.

எங்கள் வீடு செகந்திராபாத் மாரெட்பள்ளியில், ஒரு பழைய அடுக்குமாடிக் கட்டடத்தின் இரண்டாவது மாடியில் இருக்கிறது. டிவியும் பழையது. அதற்கென்று ஒரு ரிமோட், கேபிள்காரர் கொடுத்த செட்டாப் பாக்ஸுக்கு இன்னொன்று. பல வீடுகளில் இருப்பதுபோல எங்கள் வீட்டிலும் டிவி ரிமோட்டை யாரும் தொடுவதில்லை. சேனல் மாற்றுவது, சத்தம் கூட்டுவது, குறைப்பது எல்லாம் பாக்ஸ் ரிமோட்டில்தான். அதில் சத்தத்தைக் கூட்டினால் திரையின் அடியில் ஒரு பச்சைப் பட்டை நீளும். முழுவதும் நீண்டுவிட்டால் அதற்குமேல் சத்தம் இல்லை என்று பொருள். டிவிக்கென்று தனியாக ஒரு சத்தம் உண்டு, அதைக் குறைத்துவிட்டால் பச்சைப் பட்டை எவ்வளவு நீண்டாலும் பயனில்லை என்பது என் மனைவிக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். கல்லூரியில் இயற்பியல் நடத்தி ஓய்வுபெற்றவன். ஒலியைப் பற்றியே பல பேருக்குப் பாடம் எடுத்திருக்கிறேன்.

மாலையானால் அவள் பட்டையை முழுக்க நீட்டிவிட்டு உட்கார்ந்துவிடுவாள். ஒருநாள் லிஃப்டில், கீழ்வீட்டுக்காரர் நாலு பேர் நடுவில் தெலுங்கில் சொன்னார்: "சார், நாங்க டிவியை வித்துடலாம்னு இருக்கோம். உங்க வீட்டு சீரியல்ல அந்த மாமியார் நேத்து என்ன சொன்னாங்கன்னு என் பேத்திகூட ஒப்பிக்கறா." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் வகுப்பில் ஒரு பார்வையிலேயே அறுபது பையன்களை வாயடைக்க வைத்த எனக்கு, அந்தச் சிரிப்பு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

அன்று மாலை அவள் சமையலறையில் இருந்தபோது டிவி ரிமோட்டைத் தேடி எடுத்து, டிவியின் சத்தத்தை அடிமட்டத்துக்குக் கொண்டுபோனேன். அவள் வந்து உட்கார்ந்தாள். தன் கையிலிருந்த ரிமோட்டை அழுத்தினாள். பச்சைப் பட்டை வலது ஓரம்வரை போய் நின்றது. முணுமுணுப்புதான் வந்தது.

"முழுசா வச்சிருக்கேன். ஒண்ணும் கேக்கலயே," என்றாள். "உங்களுக்குக் கேக்குதா?"

"நல்லாக் கேக்குதே."

நான் செய்த தவறு இந்த ஒரு பதில்தான். மற்றதெல்லாம் அதிலிருந்து தானாகவே நடந்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அவள் பட்டையை இன்னொருமுறை பார்த்தாள். "அப்ப போச்சு," என்றாள், பால் திரிந்துவிட்டது என்று சொல்வதுபோல.

டிவி ரிமோட்டைப் புத்தக அலமாரியில், தடித்த புத்தகங்களுக்குப் பின்னால் வைத்தேன். ஓரிரு நாளில் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் வீடு அமைதியாக இருந்தது. அந்த அமைதி எனக்குப் பிடித்திருந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

அவள் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து திருமணமாகி இங்கே வந்தவள். நாற்பது வருடத்துக்கு மேலாகியும் இந்த ஊர் அவள் பேச்சில் ஏற்றியது இரண்டே வார்த்தைகள்தான். ஆமாம் என்பதற்கு ஹவ். வேண்டாம் என்பதற்கு நக்கோ. புனேயில் வேலை பார்க்கும் மகள் தினமும் மாலையில் கூப்பிடுவாள். முன்பெல்லாம் தாயும் மகளும் பேசி முடிப்பதற்குள் என் காபி ஆறிவிடும். இப்போது போன் அடித்ததும் என் மனைவி அதை எடுத்து என் கையில் கொடுத்துவிடுவாள். "நீங்களே பேசுங்க. பட்டை நெறஞ்சே கேக்காத காதுக்கு போன்ல என்ன கேக்கப்போகுது?"

மகள் என்னிடம் நலம் விசாரிப்பாள், மழையைப் பற்றிச் சொல்வாள். ஒருநாள் ஏதோ சொல்ல வந்து நிறுத்திவிட்டாள்.

"என்னம்மா? சொல்லு."

"இல்லப்பா, அம்மாகிட்ட சொல்லணும். உங்ககிட்ட சொன்னா நீங்க உடனே என்ன செய்யணும்னு சொல்லுவீங்க. அம்மான்னா கேட்டுக்குவா." பிறகு, "அம்மாவைக் காது டெஸ்டுக்குக் கூட்டிட்டுப் போங்கப்பா. இப்பல்லாம் சின்ன மெஷின் வந்திருக்கு," என்றாள்.

அதை மனைவியிடம் சொன்னேன். "நக்கோ," என்றாள். "இருக்குற காதுக்குத்தான் மெஷின். போன காதுக்கு எதுக்கு?"

உண்மையில் அவளுக்குப் பாதியாவது கேட்டுக்கொண்டிருந்தது. எதிரில் நின்று சற்று உரக்கப் பேசினால் பதில் சொல்வாள். ஆனால் கேட்டுப் பதில் சொன்னதாக அவள் ஒப்புக்கொள்ளமாட்டாள். "உங்க வாயப் பாத்துப் புரிஞ்சுக்கிட்டேன்," என்பாள். காதுக்குச் சேரவேண்டிய பெருமையையெல்லாம் கண்ணுக்குக் கொடுத்துவிட்டாள். நானும் கொடுக்கவிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், தெலுங்குச் சேனல் ஒன்றில் தமிழிலிருந்து மொழிமாற்றிய நகைச்சுவைப் படம் ஓடிக்கொண்டிருந்தது. அவள் அப்போதெல்லாம் சத்தத்தைப் பற்றிக் கவலைப்படாமலே படம் பார்க்கப் பழகியிருந்தாள். திடீரென்று சிரித்தாள்.

"என்ன?" என்றேன் கையை அசைத்து.

"அந்தக் குண்டன் என்ன சொல்லுதான் தெரியுமா? 'இது ரோடா, இல்ல உங்க அப்பன் வாங்கிப் போட்ட பாயா'ங்கான்."

என் காதில் மெலிதாக விழுந்தது தெலுங்கு வசனம். அதில் பாயும் இல்லை, அப்பனும் இல்லை. அவள் நடிகரின் உதட்டிலிருந்து அசல் தமிழை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"செவிடா இருக்கதுலயும் ஒரு லாபம் இருக்கு பாத்துக்கிடுங்க," என்றாள் சிரிப்பு அடங்காமல். "ஒரே டிவில உங்களுக்குத் தெலுங்குப் படம் ஓடுது, எனக்குத் தமிழ்ப் படம் ஓடுது."

நான் செய்தித்தாளை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டேன். கேட்கக்கூடிய ஒருத்தி, கேட்காது என்று நம்பி, உதட்டைப் படிக்கத் தானாகவே கற்றுக்கொண்டு, அதையும் லாபக் கணக்கில் எழுதிக்கொண்டிருந்தாள். அவளை அந்த நிலைக்குக் கொண்டுவந்த நான் பக்கத்து நாற்காலியில் தலையங்கம் படிப்பதாக நடித்துக்கொண்டிருந்தேன்.

அப்போதும் உண்மையைச் சொல்லத் துணிவு வரவில்லை. திருடிய பொருளை ஓசைப்படாமல் இருந்த இடத்திலேயே வைத்துவிட்டால் திருட்டே இல்லை என்று திருடனுக்கு ஒரு நினைப்பு வருமே, அதுதான் எனக்கும் வந்தது. மகள் விட்டுப்போன பழைய லேப்டாப் ஒன்று பரணில் இருந்தது. அதை டிவியோடு இணைத்து, நல்ல ஹெட்ஃபோன் ஒன்றை மாட்டிவிட்டால் அவளுக்கு வேண்டிய அளவு சத்தம் கிடைக்கும். கீழ்வீட்டுக்குப் போகாது. நானும் எதையும் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை.

லேப்டாப்பின் பேட்டரி செத்திருந்தது. சார்ஜர் குத்தியே இருந்தால் ஓடியது. டிவியின் பின்புறம் எந்த மாதிரித் துளை இருக்கிறது என்று குனிந்து பார்த்து, ஒரு தாளில் அளவோடு வரைந்து எடுத்துக்கொண்டு செகந்திராபாத் கடைக்குப் போனேன். கடைக்காரர் என் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏ க்யா ஹை அங்கிள், பிஸ்கட்?" என்றார், இது என்ன பிஸ்கட்டா என்று. எச்டிஎம்ஐ கேபிள் என்று வாயால் சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். கேபிளும், காதை முழுக்க மூடும் வயரில்லாத ஹெட்ஃபோனும் வாங்கிக்கொண்டேன்.

கேபிளைச் செருகிவிட்டேன். டிவி தன்பாட்டுக்கு சீரியலையே காட்டிக்கொண்டிருந்தது. பாக்ஸிலிருந்து லேப்டாப்புக்கு மாறச் சொல்லவேண்டும். அதைச் சொல்லக்கூடியது டிவியின் சொந்த ரிமோட் மட்டும்தான். அலமாரிக்குப் போய்ப் புத்தகங்களுக்குப் பின்னாலிருந்து எடுத்து வந்தேன்.

"இது எங்க கெடந்துச்சு?" என்றாள்.

"புத்தகத்துக்குப் பின்னாடி."

"அங்க எப்படிப் போச்சு?"

"தெரியலயே," என்றேன். இன்னொரு பொய்.

அதன்பின் நடந்ததை எழுதும்போது, இத்தனைக்கும் நடுவில், எனக்கு இப்போதும் உற்சாகம் வருகிறது. டிவியில் லேப்டாப்பின் திரை வந்தபோது நான் கைதட்டினேன். ஓரங்கள் வெட்டுப்பட்டிருந்தன. டிவியின் மெனுவில் தேடித்தேடி அதைச் சரிசெய்தேன். எழுத்துகள் எறும்புபோல இருந்தன. இரண்டு மடங்காக்கினேன். படம் டிவியில் ஓட, சத்தம் லேப்டாப்பிலிருந்தே வந்தது. அது எங்கே போகவேண்டும் என்பதைத் தனியாகத் தேர்ந்தெடுக்கவேண்டும் என்று கண்டுபிடித்தேன். லேப்டாப்பை மூடினால் எல்லாம் அணைந்துபோனது. மூடினாலும் தூங்காதே என்று ஓர் அமைப்பு இருக்கிறது, அதையும் பிடித்தேன். சோபாவிலிருந்தே இயக்க வயரில்லாத மவுஸ், எந்த மாதிரிப் படக்கோப்பையும் திறக்கிற இலவச பிளேயர். முடிக்க நாலைந்து நாள் பிடித்தது. என் மாணவர்கள் யாராவது பார்த்திருந்தால் செய்முறைத் தேர்வில் முழு மதிப்பெண் போட்டிருப்பார்கள்.

அவளை உட்காரவைத்து ஹெட்ஃபோனை மாட்டினேன்.

"ஏரோப்ளேன் ஓட்டப்போற மாதிரி இருக்கு," என்றாள்.

மகள் ஹார்ட் டிஸ்கில் போட்டுக்கொடுத்த படங்களில் ஒன்றை ஓடவிட்டு, சத்தத்தை மெல்ல ஏற்றினேன். முதலில் அவள் தோள்கள் நிமிர்ந்தன. பிறகு வாய் சற்றுத் திறந்தது.

"வருதுங்க. சத்தம் வருது." அவளுக்குத் தெரியாமல் அவள் கத்திக்கொண்டிருந்தாள். "பாத்திரம் விழுதது கேக்குது!"

சிறிது நேரத்தில் முகம் சுளித்தாள். "ஆனா வாயும் சத்தமும் சேரலயே."

எனக்குக் காரணம் தெரியும். வயரில்லாத ஹெட்ஃபோனுக்குச் சத்தம் கொஞ்சம் தாமதமாகப் போய்ச் சேரும். மற்றவர்களுக்கு அது பெரிதாகத் தெரியாது. உதட்டைப் படிப்பவளுக்குத் தெரியும். பிளேயரில் சத்தத்தை முன்னும் பின்னும் நகர்த்த ஒரு வசதி இருக்கிறது. மின்னல் முன்னே, இடி பின்னே என்று கரும்பலகையில் எத்தனையோ முறை எழுதியவன், இப்போது இடியை மின்னலுக்கு அருகில் இழுக்கத் தொடங்கினேன்.

"இப்ப?"

"இல்ல."

"இப்ப?"

"மோசம்."

"இப்ப சரியா இருக்கணுமே."

"இருக்கணும்னா இருந்துருமா? இல்ல."

மதியச் சாப்பாடு தள்ளிப்போனது. நான் இந்தப் பக்கம் இழுக்கிறேன், அந்தப் பக்கம் தள்ளுகிறேன். சேரவே இல்லை. கடைசியில் அவள் கையைக் காட்டி என்னை நிறுத்தினாள். "கொஞ்சம் சும்மா இருங்க." கண்ணை மூடிக்கொண்டு, ஹெட்ஃபோனை இரு கையாலும் அழுத்திக்கொண்டு கேட்டாள்.

"இவன் தெலுங்கு பேசுதான்!"

"என்ன?"

"வாய்ல தமிழ் பேசுதான். காதுல தெலுங்கு பேசுதான். நீங்க பொத்தான அமுக்கி அமுக்கி அதச் சேத்துவைக்கப் பாக்கீய. எந்தக் காலேஜ்ல சம்பளம் குடுத்தாங்க உங்களுக்கு?"

உண்மைதான். அந்தக் கோப்பில் தெலுங்கு, தமிழ் என்று இரண்டு ஒலித்தடங்கள் இருந்தன. தெலுங்கு முதலில் வந்திருந்தது. இந்த ஊரில் பிறந்து வளர்ந்த எனக்கு இரண்டு மொழியும் ஒரே குழாய்த் தண்ணீர் மாதிரி. லேப்டாப்பின் சின்னஞ்சிறு ஸ்பீக்கரில் முன்பே சோதித்துப் பார்த்திருந்தேன். எந்த மொழி என்று கவனிக்கவே இல்லை. தமிழ்த் தடத்துக்கு மாற்றி, சத்தத்தைக் கடைசியாக ஒரு சிறு இழுப்பு இழுத்தேன்.

"ஆங்!" என்றாள். "சேந்துட்டு!"

இருவரும் சிரித்தோம். அவள் கன்னத்தில் கண்ணீர்கூட வந்துவிட்டது. ஓடுகிற பேருந்தைக் கைகாட்டி நிறுத்தியவன்போல நான் ஹாலில் நின்றுகொண்டிருந்தேன். சாதித்துவிட்டேன் என்று தோன்றியது. சாப்பிட உட்கார்ந்தபோதுதான் உறைத்தது. காதே இல்லை என்று சொல்பவள் கண்ணை மூடிக்கொண்டு, எந்த மொழி என்று கண்டுபிடித்துச் சொல்லியிருக்கிறாள். அது எனக்கு உறைத்தது. அவளுக்கு உறைக்கவில்லை.

அடுத்த சில வாரங்கள் வீடு திருவிழாதான். பார்க்காமல் விட்ட படங்களையெல்லாம் வரிசையாகப் பார்த்தாள். எங்கள் கிரைண்டரில் மாவரைக்க வருகிறவர்கள், கோயிலுக்குப் போகிற வழியில் எட்டிப் பார்க்கிறவர்கள், எல்லோரிடமும் லேப்டாப்பைக் காட்டி, "எங்க வீட்டுக்காரங்க செஞ்ச மெஷின்," என்றாள். அந்தப் பாராட்டைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு எழுந்து வேறு அறைக்குப் போகத் தோன்றியது.

ஏனென்றால் போன் அடித்தால் இப்போதும் என் கைக்கே வந்தது.

"ஸ்பீக்கர்ல போட்டுத் தாரேன், பேசு," என்றேன்.

"நக்கோ. மெஷினுக்குத்தான் கேக்குது. எனக்கு எங்க கேக்குது?" ஹெட்ஃபோனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். "இதக் கழட்டுனா நான் பழைய செவிடுதான்."

மகளும் மறுமுனையில் அதைக் கேட்டிருக்கவேண்டும். "பரவால்லப்பா, விடுங்க," என்று வைத்துவிட்டாள். அவள் தாயிடம் சொல்லவிருந்தது எதுவோ, அது இன்னும் சொல்லப்படாமலே இருந்தது. நான் எவ்வளவு நல்ல மெஷின் செய்தாலும், அதன் பெருமை மெஷினுக்குப் போகுமே தவிர அவள் காதுக்குப் போகாது. அவள் காதை அவளுக்குத் திருப்பிக் கொடுக்க எனக்கு ஒரே வழிதான் இருந்தது. அதற்கு எந்தக் கேபிளும் வேண்டாம்.

மறுநாள் காலை, காபி முடிந்ததும், அவள் எதிரில் உட்கார்ந்தேன். ஹெட்ஃபோனை எடுத்து மேசையில் வைத்தேன். டிவியைப் பாக்ஸுக்கு மாற்றி, அவள் கையில் அவளுடைய ரிமோட்டைக் கொடுத்தேன்.

"முழுசா வை."

பச்சைப் பட்டை கடைசிவரை போனது.

"கேக்குதா?"

"இல்ல."

டிவி ரிமோட்டை எடுத்து அழுத்தினேன். பச்சைப் பட்டைக்கு மேலே வெள்ளையில் இன்னொரு பட்டை முளைத்து வளர்ந்தது. செய்தி வாசிக்கும் பெண்ணின் குரல் ஹாலை நிறைத்தது. அவள் திடுக்கிட்டு டிவியைப் பார்த்தாள். நான் குறைத்தேன். கூட்டினேன். மறுபடி குறைத்தேன். அவள் பார்வை டிவியிலிருந்து என் கைக்கு வந்து, அங்கிருந்து முகத்துக்கு வந்தது. அவளுக்கு எதையும் இரண்டு தடவை விளக்கவேண்டியதில்லை. எப்போதுமே அப்படித்தான்.

"எப்ப இருந்து?"

"கீழ்வீட்டுக்காரர் லிஃப்ட்ல கேலி பண்ணினாரு. அன்னையிலிருந்து."

"நான் கேட்டேனே. உங்களுக்குக் கேக்குதான்னு. நல்லாக் கேக்குதேன்னு சொன்னீயளே."

"சொன்னேன்."

"தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சேதான்."

அவள் அழவில்லை. நான் அதற்குத் தயாராக இருந்தேன். இதற்குத் தயாராக இல்லை. "சத்தத்தைக் குறைடி சனியனேன்னு ஒரு வார்த்தை திட்டிருக்கலாம்லா?" என்றாள். "திட்டிருந்தா எனக்குக் கேட்டிருக்கும்லா?"

நான் டிவியை அணைத்தேன்.

"பயந்தது அந்த ஆளுக்கு. ஏமாத்துனது என்னைய," என்றாள். பிறகு போனை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கதவைச் சாத்தினாள். ஸ்பீக்கரில் போட்டிருக்கவேண்டும், மகள் குரலும் கேட்டது. ஆனால் நான் பால்கனிக்குப் போய்விட்டேன். அங்கேயும் விட்டுவிட்டு வந்தது மனைவியின் குரல்தான்: "என்ன? திருப்பிச் சொல்லு... இல்ல, இன்னொருக்கா சொல்லு... ம்... சொல்லு." வெயில் பால்கனியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நகரும்வரை அது நடந்தது. மகள் அவளிடம் என்ன சொன்னாள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நான் கேட்கவும் இல்லை. வெளியே வந்தபோது என் மனைவியின் கண் சிவந்திருந்தது. எனக்காக அல்ல என்று மட்டும் தெரிந்தது.

நான் செய்ததையும் அவள் சொல்லியிருந்தாள். அடுத்த மாலை மகள் கூப்பிட்டபோது நான் எடுத்தேன். "அம்மாகிட்ட குடுங்க," என்றாள். பல வாரங்கள் அந்த ஒரு வாக்கியம்தான் எனக்குக் கிடைத்தது. அதற்கு மேல் எதிர்பார்க்க எனக்கு உரிமை இல்லை.

வீட்டில் இட்லி நேரத்துக்கு வந்தது. சட்னியும் வந்தது. ஆனால் பேச்சு ஹவ், நக்கோ என்ற இரண்டு வார்த்தைக்குள் அடங்கிப்போனது. இன்னொரு இட்லி? நக்கோ. மருந்து சாப்பிட்டாயா? ஹவ். படம் போடவா? நக்கோ, நானே போட்டுக்கிடுவேன். உண்மையிலேயே போட்டுக்கொண்டாள். தமிழ்த் தடம் எது, சத்தத்தை எந்தப் பக்கம் இழுக்கவேண்டும் எல்லாம் நான் செய்தபோதே பார்த்து வைத்திருந்தாள்.

ஒருநாள் அவளே புடவை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள். "ஆட்டோ கூப்பிடுங்க. காது டெஸ்டுக்குப் போவோம்."

பரிசோதிக்கும் இடத்தில் சத்தம் புகாத சிறிய அறை ஒன்று, ஒருபக்கம் முழுக்கக் கண்ணாடி. அவளை உள்ளே உட்காரவைத்து, ஹெட்ஃபோன் மாட்டி, கேட்கும்போதெல்லாம் கையைத் தூக்கச் சொன்னார் அங்கே பரிசோதனை செய்யும் பெண். நான் வெளியே நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு எதுவும் கேட்காது, உள்ளே போகிற ஒலி அவளுக்கு மட்டும்தான். கை உயர்ந்தது. இறங்கியது. உயர்ந்தது. பிறகு நெடுநேரம் உயரவில்லை. அந்தப் பெண் இயந்திரத்தில் ஏதோ திருகினார். என் மனைவியின் நெற்றி சுருங்கியது. தலையை லேசாகச் சாய்த்தாள். மறுபடி கண்ணை மூடிக்கொண்டாள். கை மேலே போனது.

வெளியே வந்தவள், காத்திருந்தவர்கள் நிறைந்த அந்தக் கூடத்தின் நடுவில் நின்று, மாரெட்பள்ளிக்கே கேட்கிற குரலில் என்னிடம் சொன்னாள்: "கொஞ்சம் விட்டுப்போச்சுங்க. மெஷின் வைக்கணுமாம். ஆனா சின்னச் சத்தம்கூட கேட்டுச்சு. ஊசி விழுத மாதிரி ஒண்ணு, அதுகூட!"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"இன்னும் சொல்லு," என்றேன்.